ஆறு மெஷினுக்கு ஒரு பலகை மேடை

இல்லை, காற்று வாங்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க மஸாஹிரா அந்த மேடையைப் போடவில்லை. இதைப் பக்கத்து வீட்டுப் பஸ்லினாவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனவர்களிடமும் சொன்னேன். புருஷன் மௌத்தாகி மூன்று மாதம் முடியவில்லை, அதற்குள் பின்வளவில் பலகை அடிக்கிறாளாம். திரைக்குப் பின்னால் நின்று ஆம்பிளையோடு கதைக்கிறாளாம். பக்கத்து வீட்டுக் கிணற்றடியை எட்டிப் பார்க்கப் படி வைக்கிறாளாம். எங்கள் ஊர் மடவளையில் பஸ் ஏறி இறங்குவதற்குள் ஒரு கதைக்குக் கைகால் முளைத்துவிடும். திரைக்குப் பின்னால் நின்று கதைத்தது உண்மை; பக்கத்தில் நான் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படி கிணற்றடிப் பக்கம் போனதும் உண்மைதான். அது ஏன் அங்கே போனது என்று கேட்டால் எனக்கே பாதிதான் விளங்கியது. விளங்கின பாதியைச் சொல்கிறேன். அகீலா, எனக்கு எழுதத் தெரியாதென்று நீ அழகாக்கப் போகாதே, சொல்வதை அப்படியே எழுது.

மஸாஹிரா என் தங்கச்சி மகள். வயது ஐம்பத்திரண்டு. பிள்ளை கிடைக்கவில்லை. மடவளையில் பாதிப் பொம்பிளைகளின் அபாயாவும் முக்கால்வாசிக் கல்யாண உடுப்பும் அவள் கையால் தைத்தவை. அவளுக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றால் டேப் எடுக்கமாட்டாள். மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, போ, புதன்கிழமை வா என்பாள். சட்டை சரியாக இருக்கும். வீடு அவளுடைய வாப்பா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. புருஷன் ரஸீன் நல்ல மனுஷன், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவர். ஒரு வியாழக்கிழமை பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தார், எழும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுத்துக்கொண்டு, வாசல் தாண்டாமல், அந்நிய ஆம்பிளை கண்ணில் படாமல் இருக்க வேண்டும். துணைக்கு நான் என் பாயையும் வெற்றிலை உரலையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த மறுநாள் ரஸீனின் நானா, கூடப் பிறந்த மூத்தவர் நஸீப், குருநாகலில் இருந்து வந்தார். அவருக்கு அங்கே துணிக்கடை இருக்கிறது. கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் மற்றவர்களுக்கும் சேர்த்துத் தீர்மானித்ததாகத்தான் அர்த்தம். ஹோலில் உட்கார்ந்தபடி திரையைப் பார்த்துக் கதைத்தார். இத்தா முடிகிற அன்றைக்கு வேன் வரும், வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தங்களோடு வந்துவிட வேண்டும், பிள்ளை குட்டி இல்லாத பொம்பிளை தனியாக இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். மஸாஹிரா உள்ளேயிருந்து, தான் எங்கேயும் வரவில்லை, வீட்டிலேயே தையல் வகுப்பு வைக்கப்போவதாகச் சொன்னாள். ஆறு பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார்களாம். காலையிலிருந்து பின்னேரம் அஸர் வரைக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், பிறகு என்ன தனி என்றாள்.

நஸீப் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது. முன்னால் ஒரு ஹோல், ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. ஹோலில் அவளுடைய மெஷினையும் துணி அலுமாரியையும் வைத்தால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்கலாம்.

“ஆறு மெஷின் போட இந்த வீட்ல எடம் எங்க ஈக்குது? அதக் காட்டுங்க மஸாஹிரா, நான் வேனத் திருப்பிட்டுப் போறேன்” என்றார்.

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார் என்று நினைத்தேன். மஸாஹிரா அப்படி நினைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, ஆனால் தரை இல்லை. குசினிக் கதவைத் திறந்தால் இரண்டு அடிக்கு மண், அதற்குப் பிறகு நிலம் வயலைப் பார்த்துச் சரிந்துவிடும். நடுவில் ஒரு பலா மரம். ஒரு பக்கம் பஸ்லினா வீட்டு வேலியும் கிணறும். மறுபக்கம் ரோட்டிலிருந்து இறங்கி வருகிற ஒற்றையடிப் பாதை. அந்தச் சரிவில் ஆடுகூட சாய்ந்துகொண்டுதான் நிற்கும். அர்கம் பாஸைக் கூட்டி வரச் சொன்னாள். அவர்தான் எங்கள் பக்கத்தில் மர வேலைக்குப் பேர்போனவர். வந்து பார்த்துவிட்டு, டெக் அடிக்கலாம் ராத்தா என்று திரைக்குப் பின்னால் நின்ற மஸாஹிராவிடம் சொன்னார்.

டெக் என்றால் என்ன என்று நான் கேட்டேன். பலகையால் தரை, கீழே தூண், மேலே ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் தகரம் போடலாம் என்றார். மேலே ஒன்றும் இல்லை என்றால் அது வீடா, வெளியா? பாஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். வீட்டோடு ஒட்டியிருந்தால் அது வீடு. அப்படியென்றால் இத்தாவில் இருக்கிறவள் அதில் கால் வைக்கலாம். மேலே வானம் என்றால் அது வெளி. இன்னும் போடாத ஒன்றைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று மௌலவியே போனில் யோசித்தார். பிறகு, சொந்த வேலிக்குள் பின்வளவுக்கு இறங்குவதில் தவறில்லை, அந்நியர் பார்வை படாமல் இருந்தால் சரி என்றார். மேலே ரோடு, கீழே வயல். பார்வை படாத இடம் அங்கே எது? மஸாஹிரா தானே முடிவெடுத்தாள், இத்தா முடியும்வரை குசினிக் கதவைத் தாண்டமாட்டேன் என்று. இதைப் பஸ்லினாவிடம் சொன்னால் காதில் ஏறுமா.

பாஸ் ஒரு அட்டையில் படம் கீறிக் கொடுத்தார். உள்ளங்கை அளவு. மஸாஹிரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொம்மைச் சட்டையைக் காட்டி இது எனக்குப் பொருந்தும் என்று சொன்னால் எப்படி நம்புவது என்றாள். துணி வெட்டுகிறவள் முதலில் கடதாசியில் முழு அளவுக்கு வெட்டிப் பார்ப்பாள். அதுதான் அவள் அறிந்த கணக்கு. மேடையையும் அப்படியே வெட்டப் போகிறேன் என்றாள்.

அளக்க வெளியே போக அவளால் முடியாது. அளந்தாலும் இலக்கம் வாசிக்க என்னால் முடியாது. அதனால் நான் நூல்கட்டையோடு வெளியே போனேன். அவள் குசினி ஜன்னலில் நின்று சொல்வாள், நான் நூலை இழுத்து முடிச்சுப் போடுவேன். சுவரிலிருந்து பலா மரத்துக்கு ஒரு நூல், மரத்திலிருந்து வேலிக்கு ஒரு நூல், பாதைக்கு ஒரு நூல். ஜன்னலில் இருந்து பார்த்தால் மரத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது. அங்கே என்ன இருக்கிறது பெரியும்மா என்று கேட்டாள். புல் இருக்கிறது என்றேன். உண்மையும் அதுதானே.

பழைய பேப்பர்களை மாப்பசையால் ஒட்டத் தொடங்கினோம். கந்தளாயில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தலும் பக்கத்திலேயே சவர்க்கார விளம்பரமும் ஒட்டி ஒட்டிப் போகப் போக, கடதாசி ஹோலை நிரப்பியது, அறை வாசலால் உள்ளே போனது, கட்டிலுக்குக் கீழேயும் நுழைந்தது. வீடு எனக்குப் புரியாத ஊராகிவிட்டது. அரிசி வாளிதான் பலா மரம். அலுமாரி நிற்கிற இடத்தில் வயல் தொடங்குகிறதாம். நான் தண்ணி குடிக்கப் போனால், “பெரியும்மா, மரத்துக்குள்ள நிக்கிறீங்க” என்பாள். ஒருநாள் தொழப் பாய் விரித்தேன், அது சரிவாம், இரண்டாம் மெஷினுக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றாள். இரண்டாம் மெஷின் எது என்று தேடினேன். ஒரு தலையணை.

ஆறு தலையணையை வைத்து நாள் முழுக்க இடம் மாற்றினாள். தைக்கிறவளுக்கு வெளிச்சம் இடது தோள் பக்கத்தால் வர வேண்டும். ரோட்டுக்கு முகம் தெரியக்கூடாது. பெடல் மிதித்தால் பலகை ஆடக்கூடாது, அதனால் மெஷினுக்குக் கீழே நேராகத் தூண் வர வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள் புகாமல் பாதைப் பக்கத்தால் ஏறி வரப் படி வேண்டும். நாலாவதைச் சரியாக வைத்தால் இரண்டாவது மரத்தில் மோதும். இரண்டாவதை நகர்த்தினால் ஐந்தாவது பிள்ளை எழும்ப வழியில்லை. என்னை உட்கார வைத்து எழும்பச் சொல்லிப் பார்ப்பாள். முழங்கால் வலியோடு நான் ஐந்தாவது பிள்ளையாக எத்தனை தடவை எழும்பினேனோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கடைசியில் ஆறும் உட்கார்ந்தன. எப்படி என்று கேட்காதீர்கள். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, மரத்துக்கு ஒரு வட்டம் விட்டு, தூண் வருகிற எட்டு இடத்தில் ஓட்டை போட்டு, மேல்பக்கம் எது என்று தெரியச் சோக்கால் ஒரு புள்ளடிக் குறி போட்டாள்.

பாஸ் மறுநாள் விடியக் காலையில் வந்து அதைச் சுருட்டி எடுத்துப் போனார். புல்லில் பனி. காற்று வேறு. விரித்துப் பிடித்துக் கல் வைத்து, எட்டு ஓட்டையிலும் குச்சி நட்டு, எட்டுக் குழி தோண்டிவிட்டார். மரத்துக்கு விட்ட வட்டம் மரத்தில் வரவில்லை. பொம்பிளைப் பிள்ளை பிழையாக வெட்டிவிட்டது, பிறகு பலகையில் சரிப்படுத்தலாம் என்று அவர் நினைத்தாராம். படிக்கென்று வெட்டிய நீட்டுத் துண்டு நேராகப் பஸ்லினாவின் கிணற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பஸ்லினா குளிக்க வந்தவள் வாளியைப் போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமி, ஒங்கட மகள் மேட போடுறது நாங்க குளிக்கிறதப் பாக்கவா? சொன்னா டிக்கட் அடிச்சு வெக்கலாமே.”

நான் ஓடிப்போய் மஸாஹிராவிடம் சொன்னேன். பாஸ் கண்ணில் படாமல் அவள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள். படி எந்தப் பக்கம் கிடக்கிறது, மர வட்டம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். உள்ளங்கையை மேலே காட்டி, புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ரஸீன் போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“கடதாசிய மறுபக்கம் திருப்பிப் போட்டுட்டாரு பெரியும்மா. வலக்கைய இடது தோள்ல தெச்சு வெச்சீக்கிறாரு.”

இரண்டு பக்கமும் அச்சு இருக்கிற பேப்பரில் மேல் எது, கீழ் எது? புள்ளடி பனியில் அழிந்துபோயிருந்தது. தையல் கடையில் இந்தப் பிழை புதிதில்லையாம், படிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதல் மாதத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டுமாம். அதைப் பாஸுக்கு விளங்கப்படுத்த அவள் திரைக்குப் பின்னால் நின்று அரை மணித்தியாலம் கதைத்தாள். ஊர் சொன்ன கதை இதுதான். இடது பக்கம் திருப்புங்கள் என்பாள். யாருடைய இடது என்பார் அவர். வீட்டுக்கு முதுகு காட்டி நின்றால் வருகிற இடது என்பாள். நான் வெற்றிலை உரலை வைத்துவிட்டு எழும்பி நடுவில் நின்று கையைக் காட்டினேன், அதுவும் பிழையான கை.

அவர்கள் முடிப்பதற்குள் மழை. கடதாசி கரைந்து குழிக்குள் போனது. மரண அறிவித்தல் மட்டும் ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நஸீப் வந்தார். பின்பக்கம் போய்த் தண்ணி நிறைந்த எட்டுக் குழியையும் பார்த்துவிட்டு வந்து, காலில் போட்டிருந்த சப்பாத்தின் சேற்றை வாசல் படியில் வழித்துக்கொண்டே, இதுதானா அந்த இடம் என்று கேட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். கலண்டரைப் பார்த்து, பதினெட்டாம் திகதி காலையில் வேன் வரும், சாமானைக் கட்டி வையுங்கள் பெரியும்மா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அர்கம் பாஸும் கையை விரித்தார். ராத்தா நேரில் வந்து நின்று காட்டினால் ஒழிய இனி ஒரு குழியும் தோண்டமாட்டேன், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றார். அவள் நேரில் வருவதென்றால் இத்தா முடிய வேண்டும். முடிகிற அன்றைக்கு வேன் வந்து நிற்கும். வேன் வந்து, நாலு பேர் நின்று, சாமானைத் தூக்கத் தொடங்கினால், வெறும் குழியைக் காட்டி அவள் என்ன கதைப்பாள்? அன்றைக்கு அவள் அலுமாரியைத் திறந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

பதினெட்டாம் திகதி என்ற கணக்கு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, கலண்டரும் தெரியாது. ஆனால் பிறை தெரியும். ரஸீன் மௌத்தான அன்றைக்குப் பிறை ஐந்து. அந்தி மக்ரிபுக்கு மரத்துக்கு மேலே கீற்றாக நின்றதை, ஆம்பிளைகள் உள்ளே மய்யித்தைக் குளிப்பாட்டும்போது வெளியே நின்று பார்த்தவள் நான். விரலை மடக்கி எண்ணினேன். நாலு பிறை மாதம் போய் மறுபடி ஐந்தாம் பிறை, அதற்கு மேல் பத்து நாள். எப்படி எண்ணினாலும் வேன் வருவதற்கு நாலு நாள் முந்தியே முடிந்துவிடுகிறது. நான் பிழையாக எண்ணினேனோ என்று மஸாஹிராவும் எண்ணிப் பார்த்தாள். பிறகு மௌலவிக்குப் போன் எடுத்தோம். பிறைக் கணக்குத்தான் இத்தாவுக்கு, கடைக் கலண்டர் மாதக் கணக்கு இல்லை என்றார். நஸீப் கடைக்குத் துணி வருகிற திகதி மாதிரி எண்ணியிருக்கிறார்.

மடித்த துணியை அவள் திரும்ப அடுக்கினாள். பாஸைப் பதினைந்தாம் திகதி காலையில் வரச் சொன்னாள்.

அன்றைக்கு விடியச் சுபஹு தொழுதாள், குளித்தாள், வெள்ளையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கத்தரிப்பூ நிற அபாயா உடுத்தாள். துஆ ஓத அக்கம்பக்கத்துப் பொம்பிளைகள் முன்வாசலுக்கு வந்திருந்தார்கள், பஸ்லினாவும்தான். இத்தா முடித்தவள் முன்வாசலால் வெளியே வருவாள் என்று எல்லாரும் அங்கே நின்றார்கள். அவள் குசினிக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு மண்ணில் வைத்த கால் கொஞ்சம் தடுமாறியது. நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

சரிவில் இறங்கி மரத்தைச் சுற்றி வந்தாள். நான் புல் என்று சொன்ன இடத்தைப் பார்த்தாள். புல் இருந்தது, புல்லுக்குக் கீழே யானை முதுகு மாதிரிப் பலா வேர் ஓடியது. “இத ஏன் சொல்லல்ல பெரியும்மா?” என்றாள். கேட்டால்தானே சொல்வேன். ஆறாவது மெஷின் அந்த வேரில்தான் வர வேண்டும். தூண் இறங்காது. வேரை வெட்டினால் மரம் சாயும்.

பாஸ் குச்சியோடு பின்னால் நடந்தார். அவள் ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து, கையை மெஷினில் வைப்பது போல வைத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, இங்கே என்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து வரைக்கும் வந்தது. ஆறாவதுக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தாள். வேலிப் பக்கம் போட்டால் கிணறு. கதவுப் பக்கம் போட்டால் வழி அடைபடும். ஐந்து போதாதா என்றேன். ஆறு என்றுதான் சொன்னேன் என்றாள்.

பஸ்லினா அதற்குள் குருநாகலுக்குப் போன் எடுத்திருக்கிறாள். பத்து மணி போல நஸீப் வந்து இறங்கினார், வேனோடு. நேராகப் பின்பக்கம் வந்தார். வந்த வேகத்தில் வழி பார்க்கவில்லை. ஒற்றையடிப் பாதையால் இறங்கி, மரத்துக்கு மேல்பக்கம், பாதை ஓரமாக ஒரு திட்டில் ஏறி நின்றுகொண்டுதான் கதைத்தார்.

இன்னும் மூன்று நாள் இருக்க வெளியே இறங்கியது சரியா என்று கேட்டார். நான் பிறையைச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கினார். ஒரு தடவை மடக்கி, மறுபடி மடக்கி, கையைப் பொக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, சரி, அது எப்படியோ, வேன் வந்துவிட்டது, இடத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஏறுங்கள் என்றார். ஆறு என்று சொன்னீர்கள், நான் ஐந்து குச்சிதான் காண்கிறேன் என்றார்.

மஸாஹிரா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டைக்கு ஆளை அளக்கும்போது பார்ப்பாளே, அப்படி. அவர் நின்ற திட்டு மட்டமாக இருந்தது, வேர் அந்தப் பக்கம் வரவில்லை, வெளிச்சம் அவருடைய இடது தோளில் விழுந்தது. கடதாசியில் அந்த இடம் எங்களுக்கு வரவேயில்லை. வீட்டுக்குள் விரித்தபோது அது கட்டிலையும் தாண்டிச் சுவருக்குள் போய்விட்டது.

“மச்சான், அசையாம நில்லுங்க” என்றாள். “பாஸ், அவர்ட காலடியில குச்சிய நடுங்க.”

அர்கம் பாஸ் குனிந்து சப்பாத்துக்குப் பக்கத்தில் குச்சியை வைத்துக் கல்லால் அடித்தார். நஸீப் என்னைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், மேலே ரோட்டில் நின்ற வேனையும் பார்த்தார். பிறகு, இந்தப் பக்கம் படி வந்தால் பிள்ளைகள் எப்படித் திரும்புவார்கள், அரை அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள் என்றார். மஸாஹிரா முடியாது என்றாள். ஏன் முடியாது என்று அவர் கேட்டார். அவள் முக்காலியை அவர் பக்கத்தில் வைத்து உட்கார்ந்து காட்டினாள். அரை அடியா கால் அடியா என்று இரண்டு பேரும் ளுஹர் வரைக்கும் வாதாடினார்கள். கூட்டிப் போக வந்த மனுஷன் எப்போது மேடை போடத் தொடங்கினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பாங்கு சொன்ன பிறகுதான் அவர் அந்தத் திட்டைவிட்டு இறங்கினார்.